ஆயுத பூஜைக் கல்

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜைக்குப் பொரி, கடலை, அரைக் கிலோ ஸ்வீட் பாக்ஸோடு கல்லும் கொடுப்பார்கள். சூளையில் வெந்து மூலை உடைந்தது, அளவு தப்பியது, வாங்கின பார்ட்டி வேண்டாமென்று திருப்பி அனுப்பியது. வேண்டியவர்கள் வண்டி வைத்து எடுத்துக்கொள்ளலாம். இரும்பு உருக்கும் உலைக்கு உள்பக்கம் ஒட்டுகிற நெருப்புக் கல் அது. நல்லம்பள்ளியைச் சுற்றி ஏழெட்டு ஊரில் கக்கூஸ் படி, மாட்டுத் தொட்டி, துணி துவைக்கிற மேடை எல்லாம் எங்கள் ரிஜெக்ட்டில் கட்டியவைதாம். முப்பது வருஷமாக ஒன்றும் ஆனதில்லை. அதனால் யாரும் யோசிக்கவில்லை. யோசிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற நானும் யோசிக்கவில்லை.

போன வருஷம் பூஜைக்கு முற்றத்தில் இரண்டு குவியல் கிடந்தன. ஒன்று வழக்கமான களிமண் கல், வெளிர் மஞ்சள். இன்னொன்று சாக்லேட் நிறத்தில், தூக்கினால் கை இறங்குகிற கனத்தில். அதற்கு லேப்பில் டி-17 என்று பெயர். எங்கள் டெக்னிகல் மேனேஜரின் ஆராய்ச்சி. மேக்னசைட் வெட்டுகிற வெள்ளைக்கல் குவாரிகளில் கழித்துப்போட்ட தூளை வாங்கி அதில் மேக்னசைட் கல் செய்ய முடியுமா என்று பார்த்தார். கம்பெனி மேக்னசைட்டில் கை வைத்தே இரண்டு வருஷம்தான் ஆகிறது. தூளில் சுண்ணாம்பு அதிகம், வேக்காடு குறைவு. நாலாயிரம் கல்லும் ரிஜெக்ட்.

கனத்துக்குப் பயந்து யாரும் அந்தக் குவியலைத் தொடவில்லை. குப்புராஜ் அண்ணன் மட்டும் சுற்றிச் சுற்றி வந்தார். பத்தொன்பது வருஷமாகச் சூளை வண்டியில் வேகாத பச்சைக் கல் அடுக்குகிறவர். ஒரு கல்லைத் தூக்கி இன்னொரு கல்லின் மேல் தட்டினார். மணி மாதிரி சத்தம் வந்தது.

"களிமண்ணு மூணரக் கிலோ. இது ஆறு கிலோ வருது மேடம். எருமக்கன்னு மாதிரி இருக்குது பாருங்க. இதுல ஒரு மெத்த வூடு எழுப்புனா எம்பேரன் பேத்தி வரைக்கும் நிக்கும்."

ஆறு டிராக்டர் நடை அடித்தார். ஆறு நடைக்கும் கேட் பாஸ் எழுதிக் கையெழுத்துப் போட்டது நான். அம்பிகா, லேப். கீழே ஒரு கட்டம் இருக்கும்: அபாயமான பொருளா? இல்லை என்று டிக் போட்டேன்.

இந்தப் புரட்டாசியில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், அவர் லேப் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கையில் துண்டில் முடிந்த ஒரு பொட்டலம்.

"மேடம், ஒரு டெஸ்ட் பண்ணிக் குடுக்கணும். சிமெண்ட்ல கலப்படமான்னு பாக்கணும்."

"என்னாச்சுண்ணா?"

"வூடு வெடிக்குது மேடம். நேத்துக் காலைல கதவு தொறக்கல. புள்ள உள்ள மாட்டிகிச்சி. கடப்பாறை போட்டு நெம்பித்தான் வெளிய இழுத்தன். பத்தாவது படிக்குது, காலாண்டுல கணக்குப் பரிச்ச போச்சு."

"மேஸ்திரி என்ன சொல்றாரு?"

"தண்ணி பத்தலன்றாரு. வூட்டுல இருக்கறவ ஒழுங்கா ஊத்தியிருந்தா செவுரு இப்டி ஆவாதாம். அவள நம்பிக் கட்டுனன் பாருங்க. அவகிட்ட பேச்ச நிறுத்தி ரெண்டு மாசமாவுது."

துண்டை அவிழ்த்தார். உள்ளே சிமெண்ட் பூச்சோடு ஒரு துண்டுக் கல். சாக்லேட் நிறம் வெளுத்து, குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு ஓடி, வெடிப்புகளில் வெள்ளையாக மாவு பூத்திருந்தது. நான் கையில் எடுத்ததும் அந்த ஆறு கிலோ ஜாதிக் கல் ரொட்டி மாதிரி இரண்டாகப் பிட்டுக்கொண்டது.

டெஸ்ட் எதுவும் தேவைப்படவில்லை.

"நாளைக்கு வூட்டுக்கு வரண்ணா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அதியமான்கோட்டையில் பஸ் ஏறி, நல்லம்பள்ளி தாண்டி இறங்கி நடந்தேன். இரண்டு பக்கமும் சாமந்தி. பூஜை நெருங்குகிற சமயம், வரப்பெல்லாம் பெண்கள் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். வானம் மூடிக் கிடந்தது. காற்றில் ஈரம். ஈரம் என்றால் இந்தக் கல்லுக்கு என்ன என்பதை நடந்துகொண்டே மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். நல்ல மேக்னசைட் கல்லையே நாங்கள் பாலிதீன் சுற்றித்தான் அனுப்புவோம். ஒரு தூறல் விழுந்தால் தார்ப்பாய் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். ஆயிரத்து எழுநூறு டிகிரி நெருப்பில் வருஷக்கணக்கில் நிற்கிற கல், ஈரத்தில் நிற்காது. தண்ணீரைக் குடித்துப் பெருத்து உதிரும். குப்புராஜ் அண்ணனும் அந்தத் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு ஓடியவர்தான். ஏற்றுமதிச் சரக்கு, அழுக்காகக் கூடாது என்று நினைத்திருக்கிறார். யாரும் அவருக்குக் காரணம் சொல்லவில்லை. அடுக்குகிறவனுக்கு எதற்குக் காரணம்?

அந்தத் தெருவில் அண்ணனுடையது ஒன்றுதான் தளம் போட்ட மெத்தை வீடு. மற்றதெல்லாம் சீட்டுக் கூரையும் ஓடும். ரோஸ் பெயிண்ட் அடித்து, நெற்றியில் 'நிர்மலாதேவி இல்லம்' என்று எழுதியிருந்தது. 'இல்லம்' குறுக்கே விரல் நுழைகிற அகலத்தில் பிளந்திருந்தது.

அண்ணன் பெண்டாட்டி நிர்மலாதேவி அக்கா இடுப்பில் நீலப் பிளாஸ்டிக் குடத்தோடு நின்றாள். செம்பில் மொண்டு மொண்டு சுவரின் வெடிப்புகளுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஊத்தாதீங்க!"

திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "வா பாப்பா. நீதான் லேப்புல இருக்கற பொண்ணா? இரு, மொதல்ல தண்ணி குடி. மொகமெல்லாம் கறுத்துப்போயிருக்குது." அதே குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு கொடுத்தாள். குடித்தேன்.

"ஏன் ஊத்தக் கூடாதுன்ற? மேஸ்திரி சொல்லிட்டுப் போனாரு. இன்னும் பத்து நாளு விடாம ஊத்துனா புடிச்சிக்குமாம்."

"கட்டும்போது எவ்வளவு ஊத்துனீங்க?"

அவள் முகம் மாறியது. குடத்தைக் கீழே வைத்தாள்.

"நீயும் அதத்தான் கேக்க வந்தியா? காலைல பூவு பறிக்கப் போறதுக்கு முன்ன இருவது கொடம். சாயங்காலம் வந்து இருவது. மாசி, பங்குனி முச்சூடும். டேங்குத் தண்ணி மூணு நாளுக்கு ஒருக்கா, அதுவும் அரை மணி நேரம். கவுண்டரு கெணத்துல கெஞ்சிக் கூத்தாடி எடுத்தன். இங்க பாரு." சேலையை விலக்கி இடுப்பைக் காட்டினாள். குடம் உட்கார்கிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்துத் தடித்திருந்தது. "நான் ஊத்தலயாம். ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறாரு. டீக்கடைல சொல்றாரு. நாத்தனா போன் பண்ணிக் கேக்குறா, ஏன் அண்ணி, டிவி பாத்துட்டு உக்காந்துட்டீங்களான்னு."

வீட்டுக்குள் கூட்டிப்போனாள். ஜன்னல் கம்பிகள் வில்லாக வளைந்திருந்தன. மூலையில் மேல்தளத்துக்கும் சுவருக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

"சொன்னா சிரிக்கக் கூடாது. இந்தச் செவுரு வளருது பாப்பா. வைகாசில பால் காய்ச்சறப்ப இந்தக் கம்பி நேரா இருந்திச்சி. ராத்திரில டிக்கு டிக்குன்னு சத்தம் வேற. எம்பொண்ணு தேவி பயந்துகிட்டு எங்கூட ஒட்டிகிட்டுத்தான் படுக்கும்."

"நான் சிரிக்கலக்கா. வளரத்தான் செய்யுது."

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஃபார்முலா தெரியும். அதை வைத்துக்கொண்டு இந்த வீட்டுக்குள் என்ன செய்ய? அடுப்படியில் குக்கர் கண்ணில் பட்டது.

"அக்கா, குக்கர் ஒண்ணு வேணும். கல்ல வேக வெக்கணும்."

"பைத்தியமா உனக்கு?"

வெளியே விறகடுப்பு இருந்தது. முந்தைய வருஷத்துப் பூஜைக் கல்லில், களிமண் கல்லில் கட்டியது. அதில் ஒரு ஓரத்தைத் தட்டி ஒரு துண்டு எடுத்தேன். கதவோரம் உதிர்ந்து கிடந்த டி-17இல், மேலே நன்றாக இருக்கிற மாதிரி தெரிந்த ஒரு துண்டு. இரண்டையும் குக்கரில் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடினேன். விசில் போட்டு அடுப்பில் ஏற்றும்போது மணி பத்து இருக்கும். நாலு மணி நேரம் ஆகும் என்றேன்.

"கெழட்டு மாட்டுக் கறியா, நாலு மணி நேரம் வேவறதுக்கு?" என்று முனகிக்கொண்டே விறகைத் தள்ளினாள். நடுவில் இரண்டு தடவை இறக்கித் தண்ணீர் சேர்த்தோம். அப்போதும் என்னைக் கரண்டி விட்டுத் துழாவிப் பார்க்க விடவில்லை. "வேகட்டும், முழுசா வேகட்டும்" என்றாள். பக்கத்து அடுப்பில் களி கிண்டினாள். களியும் கீரைக் கடைசலும் தட்டில் வைத்தாள். சாப்பிடும்போது ஊர் கேட்டாள். மாரண்டஹள்ளிப் பக்கம் என்றேன். "எங்கண்ணன் அங்கதான் தக்காளி மண்டில மூட்ட தூக்குது" என்றாள். வீட்டில் யார் படித்தவர்கள் என்று கேட்டாள். நான் மட்டும் என்றேன். "எங்க தேவியும் படிக்கும். ஒன்னாட்டம் லேப்புல உக்காரட்டும். வெயிலு இல்ல, தூசி இல்ல" என்றாள்.

இரண்டரை மணிக்குக் குப்புராஜ் அண்ணன் காலை ஷிஃப்ட் முடிந்து வந்தார். சூளைக்கு ஞாயிறு கிடையாது. கூடவே மேஸ்திரி காளியப்பன். வாயில் வெற்றிலை.

"என்னா பாப்பா, கல்லுக் கொழம்பா?" என்றார் மேஸ்திரி. "உப்பு, காரம் போட்டீங்களா? நாப்பது வருசமா கல்லு வெக்கிறன், ஒரு நாளும் தின்னதில்ல."

"நீங்களே தொறந்து பாருங்க மேஸ்திரி."

அவர் துண்டைச் சுற்றி விசிலைத் தூக்கினார். ஆவி சீறிக்கொண்டு போனது. மூடி திறந்தது. உள்ளே தண்ணீர் தவிட்டு நிறத்தில் கலங்கிக் கூழாகக் கிடந்தது. கரண்டியை விட்டுத் துழாவினார். களிமண் கல் டக்கென்று தட்டுப்பட்டது. எடுத்து வைத்தார். போட்டபடியே இருந்தது. திரும்பத் துழாவினார். அடியில் சேறுதான் வந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தார். வெற்றிலை மெல்லுகிறதை நிறுத்தினார்.

"சுண்ணாம்புக் கல்லு பூக்கற மாதிரி பூத்துப் போச்சே."

"அதேதான் மேஸ்திரி. தண்ணி பட்டா இந்தக் கல்லு பூக்கும், பெருக்கும், உதுந்துடும். குக்கர்ல நாலு மணி நேரம் ஆவறது செவுத்துல ஆறு மாசம் ஆவும். அவ்ளோதான் வித்தியாசம்."

குப்புராஜ் அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குக்கருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல நிமிர்ந்து பெண்டாட்டியைப் பார்த்தார். இரண்டு மாசத்துக்குப் பிறகு அவளிடம் அவர் பேசியது இதுதான்.

"அப்ப நீ ஊத்துனதுலதான் போச்சா?"

எனக்கு அந்த இடத்திலேயே அவர் சட்டையைப் பிடிக்கவேண்டும் போல இருந்தது. அவளுக்கு ஆத்திரம் வரவில்லை. சிரிக்கக்கூடப் பார்த்தாள்.

"முன்ன ஊத்தலன்னு பேசுன. இப்ப ஊத்துனன்னு பேசுற. எதுவானாலும் எந்தலைலதான் வந்து விடியணும், இல்ல?" தன் கைகளைப் பார்த்தாள். "ஊத்துனன்யா. நாந்தான் ஊத்துனன். ஒரு கொடம் கொறைக்காம ஊத்துனன். கொஞ்சம் சோம்பேறியா இருந்திருந்தா, டிவி பாத்துட்டு உக்காந்திருந்தா, இன்னும் கொஞ்ச நாளு நின்னிருக்கும்."

மேஸ்திரி எழுந்து போய் வேலியோரம் வெற்றிலையைத் துப்பினார். அங்கேயே நின்றுகொண்டார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"இது உனக்கு எப்டிப் பாப்பா தெரியும்? குக்கர்ல வெச்சா வெந்துடும்னு?"

இந்தக் கேள்வி வரும் என்று நேற்று ராத்திரியே தெரியும். படித்தது, புத்தகத்தில் இருந்தது என்று சொல்ல ஒரு பதில் தயாராகக்கூட வைத்திருந்தேன்.

"கம்பெனில பெரிய குக்கர் ஒண்ணு இருக்குதுக்கா. அதுல இந்தக் கல்ல வேக வெச்சுப் பாத்தன்."

"எப்ப?"

"போன வருசம்."

"போன வருசம் எப்ப?"

"அண்ணன் வண்டி ஏத்தறதுக்கு முன்னாடி."

விறகு வெடித்தது. குப்புராஜ் அண்ணன் எழுந்து நின்றார். அவருக்கு என்னைப் பார்த்தால் இன்னமும் மேடம்தான். கை கட்டின மாதிரியே நின்றார்.

"ரிஜிஸ்டர்ல எழுதுனன். மூணு மணி நேரத்துல உதிர்ந்தது, தேறவில்லைன்னு எழுதுனன். அன்னிக்கி சாயங்காலம் அதே பேனாவுல கேட் பாஸும் எழுதுனன். அண்ணன் வூடு கட்டப் போறன்னு எங்கிட்டதான் சொன்னாரு. ரெண்டையும் சேத்து யோசிக்கலக்கா."

யோசிக்கவில்லை என்பது எவ்வளவு கேவலமான வார்த்தை என்று சொல்லி முடித்தபிறகுதான் காதில் விழுந்தது. மனசறிந்து ஒளித்திருந்தால்கூட அவள் திட்டுவதற்கு ஒரு வார்த்தை கிடைத்திருக்கும். உதிர்ந்தது என்பது எனக்கு ஒரு வரி. லோடு நம்பர், தேதி, முடிவு. படித்து வேலைக்கு வந்து மூன்று வருஷத்தில் இதைத்தான் நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

அக்கா குக்கரைத் தூக்கிப்போய் அந்தச் சேற்றைச் சாக்கடையில் கொட்டினாள். சாம்பல் போட்டுத் தேய்த்தாள். மூன்று தடவை கழுவி, மோந்து பார்த்து, மறுபடியும் தேய்த்தாள். நான் போய்வருகிறேன் என்றபோது நிமிரவில்லை.

திங்கட்கிழமை ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு டெக்னிகல் மேனேஜரிடம் போனேன். நல்லவர் என்று பெயர் எடுத்தவர். உட்காரச் சொல்லி முழுசாகக் கேட்டார்.

"ரொம்ப வருத்தமான விஷயம்மா. ஆனா நாம வீடு கட்டிக்கோன்னு குடுத்தோமா? ரிஜெக்ட்னு சொல்லித்தானே குடுத்தோம்."

"எதுக்கு ரிஜெக்ட்னு சொல்லலியே சார். முப்பது வருஷமா குடுக்குற கல்லுல எல்லாரும் கட்டிட்டுத்தான இருக்காங்க. நமக்குத் தெரியாதா?"

"டெஸ்ட் பண்ணது யாரு?"

"நான்தான் சார்."

"கேட் பாஸ்ல கையெழுத்து?"

"நான்தான். குவியல முற்றத்துல கொட்டச் சொன்னது நீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுத்துல இருக்குறது உன் கையெழுத்து மட்டும்தான். நான் உனக்காகத்தான் சொல்றேன். உன் வீட்ல உன் சம்பளம்தானே? மனிதாபிமான அடிப்படையில அவருக்குக் களிமண் கல்லு குடுத்துரலாம். நல்ல கல்லாவே குடுக்கலாம்."

ரிஜிஸ்டர் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். மத்தியானம் சூளையடியில் குப்புராஜ் அண்ணனிடம் போனைக் காட்டினேன். லேபர் ஆபீசில் கொடுங்கள், கலெக்டர் மனு நாளில் கொடுங்கள், நான் வந்து சாட்சி சொல்கிறேன், என் வேலை போனால் போகட்டும் என்றேன். சத்தமாகவே சொன்னேன். அவர் வண்டியில் கல் அடுக்குவதை நிறுத்தவில்லை.

"உங்க வேல போனா இன்னொண்ணு கெடைக்கும் மேடம். படிச்சிருக்கீங்க. எனக்கு இந்தச் சூளைதான். தேவி படிப்பு இதுலதான் ஓடுது." ஒரு கல்லை வைத்து, அளவு பார்த்து, நகர்த்தினார். "பேப்பர்ல கையெழுத்துப் போடச் சொன்னாங்க. கல்லு எஞ்சொந்தப் பொறுப்புல எடுத்தன்னு. காலைலயே போட்டுட்டன்."

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் கிழக்குச் சுவர் சரிந்து, மேல்தளம் ஒரு பக்கமாக உட்கார்ந்தது. அதற்குள் அவர்கள் சாமான்களோடு பக்கத்தில் ஒரு சீட்டுக் கொட்டகைக்கு மாறியிருந்தார்கள். மகள் தேவிப்பிரியாவை மாமன் வீட்டுக்கு மாரண்டஹள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆயுத பூஜை வந்தது. சூளை வாசலுக்குச் சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டி, கட்டுக்கட்டாகச் சாமந்தி தொங்கவிட்டார்கள். லேப்பில் நான் தராசுக்கும், சல்லடைகளுக்கும், அந்தப் பெரிய குக்கருக்கும் பொட்டு வைத்தேன். வைக்காமல் இருக்க முடியவில்லை, மேனேஜர் பக்கத்தில் நின்றார். சூளைக்கு முன்னால் பூசணிக்காய் உடைப்பது எப்போதும் குப்புராஜ் அண்ணன்தான். இந்த வருஷமும் அவர்தான் உடைத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். முற்றத்தில் இந்தத் தடவை ஒரே குவியல். களிமண் கல். டிராக்டர் தயாராக நின்றது.

சாயங்காலம் என் பங்குப் பொரியையும் ஸ்வீட் பாக்ஸையும் எடுத்துக்கொண்டு அவர்கள் கொட்டகைக்குப் போனேன். புதுக் கல் இறக்கி அடுக்கியிருந்தது. தேவிப்பிரியா லீவுக்கு வந்திருந்தது. அரிவாள், மண்வெட்டி, அம்மி, குக்கர், அப்பன் சைக்கிள் எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டிருந்தது. வரிசையின் கடைசியில் அந்த நீலக் குடம். அதற்கும் மூன்று விரலால் இழுத்து நடுவில் பொட்டு வைத்தது.

நிர்மலாதேவி அக்கா கொட்டகைக்குள்ளிருந்து வந்தாள். குடத்தைப் பார்த்தாள். குனிந்து முந்தானையால் பொட்டைத் துடைத்தாள். சந்தனம் ஒட்டிக்கொண்டு போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தாள். பிறகு குடத்தைக் கொண்டுபோய் வேலியோரம் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

"ஏம்மா?" என்றது பெண்.

அவள் என்னைப் பார்த்து, "வா" என்றாள். பொரியை வாங்கிக்கொண்டாள். உட்காரப் பலகை எடுத்துப் போட்டாள்.

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவை அக்கா தண்ணி வேணுமா என்று கேட்கவில்லை.